வீட்டுப் பவளத் தொட்டியின் நீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலோ கொண்டோவிலோ 100 முதல் 400 லிட்டர் வரை கொள்ளும் பவளத் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும், வைக்கப் போகிறவர்களுக்கும் இந்தப் பக்கம். மீன் மட்டும் உள்ள கடல்நீர்த் தொட்டிக்கு இதில் பாதி தேவைப்படாது. சுண்ணாம்பு எலும்புக்கூடு கட்டும் கல்பவளம் ஒன்று உள்ளே வந்துவிட்டால் அனைத்தும் தேவைப்படும்.

எந்த எண்களைக் குறிவைப்பது?

திறந்த கடலில் உப்புத்தன்மை 35 பிபிடி (ஆயிரத்தில் பங்கு), கால்சியம் 412 பிபிஎம் (பத்து லட்சத்தில் பங்கு), மெக்னீசியம் 1,290 பிபிஎம், காரத்தன்மை 6.5 முதல் 7 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு, விளக்கம் கீழே), பிஎச் (அமில, கார நிலையின் அளவு) 8.1 என்ற அளவில் இருக்கும். எல்லாமே ஏறக்குறைய. மென்பவளமும் கல்பவளமும் கலந்த வீட்டுத் தொட்டிக்கு நாங்கள் சொல்லும் எல்லைகள்:

உப்புத்தன்மை 34 – 35.5 பிபிடி
வெப்பநிலை 25 – 27 பாகை செல்சியஸ்
காரத்தன்மை 7.5 – 9 டிகேஎச்
கால்சியம் 400 – 450 பிபிஎம்
மெக்னீசியம் 1,250 – 1,400 பிபிஎம்
நைட்ரேட் 2 – 15 பிபிஎம்
பாஸ்பேட் 0.03 – 0.10 பிபிஎம்
பிஎச் 7.9 – 8.4

இந்த எல்லைக்குள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைவிட, நின்ற இடத்திலேயே நிற்கிறீர்களா என்பதைப் பாருங்கள். காரத்தன்மை 7.6-இல் மாதக்கணக்காக அசையாமல் இருக்கும் தொட்டியில் பவளம் வளரும். வாராவாரம் 8-க்கும் 9.5-க்கும் இடையே ஆடும் தொட்டியில் அதே பவளம் நுனி வெளுத்து நிற்கும்.

கால்சியம், மெக்னீசியம், காரத்தன்மை மூன்றுமே குறைவாகக் காட்டுகின்றன. எதை முதலில் ஏற்றுவது?

எதையும் ஏற்றாதீர்கள். முதலில் உப்புத்தன்மையை அளந்து பாருங்கள். மூன்றும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால் குறைந்திருப்பது உப்பு. 35 பிபிடியில் கால்சியம் 420, மெக்னீசியம் 1,290 காட்டும் நீர், 32 பிபிடிக்கு இறங்கினால் 384-உம் 1,180-உம் காட்டும். இதைக் கவனிக்காமல் மூன்று பாட்டில் மருந்து வாங்கி ஊற்றுபவர்கள், பிறகு உப்பைச் சரிசெய்யும்போது மூன்றையும் எல்லைக்கு மேலே கொண்டுபோய் விடுகிறார்கள்.

உப்பை ஏற்றும் வழி எளிது: ஆவியாகும் நீருக்குப் பதிலாக இரண்டு மூன்று நாள் நன்னீர் ஊற்றாமல், கலந்த உப்புநீரை ஊற்றுங்கள். ஒரு நாளில் 1 பிபிடிக்கு மேல் ஏற வேண்டாம். உப்பு சரியான பிறகு மெக்னீசியம், அதன்பின் காரத்தன்மை, கடைசியாகக் கால்சியம். இந்த வரிசைக்குக் காரணம் கீழே வருகிறது.

குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்துவிட்டுப் பயன்படுத்தலாமா?

சிங்கப்பூரில் கூடாது. பொதுப் பயனீட்டுக் கழகம் குழாய்நீரில் கிருமிநீக்கத்துக்குக் குளோரமைன் சேர்க்கிறது. வெறும் குளோரின் என்றால் ஓரிரவில் பறந்துவிடும். குளோரமைன் அப்படிப் போகாது. குளோரின் நீக்கி மருந்து போட்டால் அது உடையும், ஆனால் உடையும்போது அம்மோனியா மிஞ்சும். அதுபோக, குழாய்நீரில் இருக்கும் சிலிக்காவும் பாஸ்பேட்டும் பழுப்புப் பாசிக்கும் பச்சைப் பாசிக்கும் உணவாகும்.

எனவே சவ்வாலும் பிசினாலும் நீரைத் தூய்மையாக்கும் ஆர்ஓ டிஐ கருவி வேண்டும். படிவு வடிகட்டி, கார்பன் கட்டி, சவ்வு, கடைசியில் டிஐ பிசின் என்ற வரிசையில் நான்கு கட்டம். கார்பன் கட்டி வாங்கும்போது குளோரமைனுக்கு ஏற்றது என்று குறிப்பிட்டதை வாங்குங்கள். சாதாரணக் கார்பன் குளோரமைனை மெதுவாகத்தான் உடைக்கும். கார்பனில் உடைந்து மிஞ்சும் அம்மோனியாவில் ஒரு பகுதி சவ்வைத் தாண்டி வரும். அதைப் பிடிப்பது டிஐ பிசின்தான். ஆகவே பிசின் தீர்ந்த கருவியில் நீர் தெளிவாக வந்தாலும் அதில் அம்மோனியா இருக்கலாம்.

நீரில் கரைந்த பொருள்களை மின்கடத்தலால் அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 0 காட்ட வேண்டும். 1 அல்லது 2 காட்டத் தொடங்கினால் பிசினை மாற்றுங்கள். ஆனால் டிடிஎஸ் மீட்டருக்குக் குளோரமைன் தெரியாது, ஏனென்றால் அது மின்னேற்றம் இல்லாத மூலக்கூறு. கார்பன் இன்னும் வேலை செய்கிறதா என்று அறிய, கழிவுக் குழாயில் வரும் நீரை மொத்தக் குளோரின் சோதனைப் பட்டையால் பாருங்கள். நிறம் மாறவே கூடாது. படிவு வடிகட்டியையும் கார்பனையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்ல வழக்கம்.

இங்கே இன்னொன்று. சேர்த்து வைத்த ஆர்ஓ நீரை மூடி இல்லாத தொட்டியில் வைக்காதீர்கள். நான்கைந்து நாள் அசையாமல் நிற்கும் சுத்தமான நீர் கொசுவுக்கு ஏற்ற இடம். தேசிய சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் வீட்டுச் சோதனையில் புழுவைக் கண்டால் அபராதம் உண்டு. இறுக்கமான மூடி போட்டு, குழாய் நுழையும் துளையைச் சுற்றி நுரைத்துண்டு அடைத்துவிடுங்கள்.

கடையில் விற்கும் கடல்நீர் போதாதா? எதற்கு உப்புப் பொடி?

பயன்படுத்தலாம், சோதித்த பிறகு. சிங்கப்பூரைச் சுற்றியுள்ள கடல், மழையாலும் ஆறுகளாலும் திறந்த கடலைவிட உப்புக் குறைந்தது. 30, 31 பிபிடி காட்டினால் வியக்க வேண்டாம். உப்புத்தன்மை, பாஸ்பேட், அம்மோனியா மூன்றையும் பார்த்துவிட்டு, குறையும் உப்பை உப்புப் பொடியால் நிரப்பினால் கால்சியமும் காரத்தன்மையும் கூடவே ஏறிவிடும். வாங்கி வந்த கடல்நீரை மூடிய வாளியில் நாள்கணக்கில் வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் செத்து நீர் கெடும். சிறிய தொட்டிக்கு உப்புப் பொடிதான் எங்கள் பரிந்துரை. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நீர் கிடைக்கும்.

உப்புப் பொடியைக் கலக்கும்போது நீர் பால்போல ஆகிறது. ஏன்?

பொடியின்மேல் நீரை ஊற்றியிருப்பீர்கள். அப்போது வாளியின் அடியில் சில நிமிடங்கள் மிக அடர்ந்த கரைசல் உருவாகி, கால்சியமும் கார்பனேட்டும் ஒன்றோடொன்று சேர்ந்து சுண்ணாம்பாக வீழ்ந்துவிடும். அது மறுபடி கரையாது. எப்போதும் நீரை முதலில் நிரப்பி, பம்ப் ஓடவிட்டு, பொடியைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவுங்கள். 35 பிபிடிக்கு லிட்டருக்கு 36 முதல் 38 கிராம் பிடிக்கும். பொடி ஈரத்தை இழுத்திருந்தால் இன்னும் கூடும். நம் ஊர்க் காற்றில் திறந்த பையில் உப்பு ஒரே மாதத்தில் கட்டிதட்டும், ஆகவே வாங்கியதும் ரப்பர் வளையம் உள்ள மூடி கொண்ட வாளிக்கு மாற்றுங்கள்.

கலந்த நீரின் காரத்தன்மையையும் ஒருமுறை அளந்து வையுங்கள். சில பொடிகள் 8 டிகேஎச் தரும், சில 12 வரை தரும். தொட்டி 8-இல் இருக்க, 12 தரும் பொடியில் கலந்த நீரைக் கால்பங்கு மாற்றினால் ஒரே மணியில் 1 டிகேஎச் ஏறும். நீர் மாற்றிய மறுநாள் பவளம் சுருங்குவதற்கு மிக அடிக்கடி காணும் காரணம் இது.

கண்ணாடி வழியே பார்க்கும் உப்புமானியும் மின்னணு மீட்டரும் வேறுவேறு காட்டுகின்றன.

உப்புமானியை வெறும் ஆர்ஓ நீரில் 0 வைத்திருப்பீர்கள். 0-இல் சரியாக இருப்பது 35-இல் 2 பிபிடி தவறலாம். உப்புத்தன்மை உறுதியாகத் தெரிந்த 35 பிபிடி திட்டக் கரைசலில் வைத்து, 35 காட்டும்படி திருகுங்கள். அது கைவசம் இல்லையென்றால் அயோடின் சேர்க்காத தூய உப்பு 36.5 கிராமை 963.5 கிராம் ஆர்ஓ நீரில் கரையுங்கள். கண்ணாடி உப்புமானிக்கு அது 35 காட்ட வேண்டிய கரைசல். மின்கடத்து மீட்டருக்கு இந்தக் கரைசல் பொருந்தாது, அதற்கு 53 மில்லிசீமென்ஸ் திரவம் தனியே வாங்க வேண்டும்.

சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) கட்டாயமா? விசிறி போதுமா?

மென்பவளம் மட்டும் என்றால் விசிறியில் காலம் தள்ளலாம். ஆக்ரோபோரா, மாண்டிபோரா போன்ற கல்பவளம் வளர்க்க நினைத்தால் சில்லர் வாங்குங்கள். நம் வீடுகளில் அறை வெப்பம் 30, 31 பாகை. அதோடு பம்பும் விளக்கும் சேர்ந்தால் தொட்டி 31-ஐத் தாண்டும். சிங்கப்பூர்க் கடலிலேயே 1998, 2010, 2016 ஆண்டுகளில் நீர் சூடாகிப் பவளங்கள் பெருமளவில் வெளிறின. விசிறி 2, 3 பாகை இறக்கும். காற்றில் ஈரம் கூடிய நாள்களில் அவ்வளவும் இறங்காது.

விசிறியின் இன்னொரு விளைவுதான் வேதியியலுக்கு முக்கியம். 150 லிட்டர் தொட்டியில் நாளுக்கு 4 லிட்டர் ஆவியானால் 35 பிபிடி ஒரே நாளில் 36 ஆகும். மாலையில் ஒருவர் ஒரு குடம் நன்னீரை ஊற்றினால் சட்டென மறுபடி 35. இந்த ஏற்ற இறக்கம் தினமும் நடந்தால் பவளத்துக்குத் தினமும் ஒரு அதிர்ச்சி. விசிறி வைத்தால் தானாக நீர் நிரப்பும் கருவியும் கட்டாயம் வையுங்கள். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு போகாது. ஆகவே நிரப்புவதும் நன்னீராகவே இருக்க வேண்டும்.

சில்லரை எங்கே வைப்பது என்பதையும் யோசியுங்கள். மூடிய அலமாரிக்குள் வைத்தால் அது வெளியேற்றும் வெப்பத்தை அதுவே மறுபடி உறிஞ்சி ஓயாமல் ஓடும். துணி காயவைக்கும் பின்கட்டிலோ, சன்னலோரத்திலோ வையுங்கள். 26 பாகையில் நிறுத்தி, ஏற்ற இறக்கம் 1 பாகைக்குள் இருக்கும்படி வைப்பது போதும்.

காரத்தன்மை என்று எல்லோரும் இதையே சொல்கிறார்களே, ஏன்?

கடையில் கேஎச் என்று சொல்வதும் இதுதான். நீரில் கரைந்துள்ள பைகார்பனேட், கார்பனேட் ஆகியவற்றின் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். பவளம் தன் எலும்புக்கூட்டைக் கால்சியம் கார்பனேட்டால் கட்டுகிறது. கால்சியமும் கார்பனேட்டும் அதற்கு ஒரே வேகத்தில் செலவாகின்றன. ஆனால் நீரில் இரண்டும் ஒரே அளவில் இல்லை. 1 டிகேஎச் செலவானால் கால்சியம் சுமார் 7 பிபிஎம் மட்டும் குறையும். 8 டிகேஎச் உள்ள தொட்டியில் 2 போனால் நான்கில் ஒரு பங்கு போனது. அதே நேரத்தில் 420 கால்சியம் 406 ஆகியிருக்கும், அதைப் பல சோதனைப் பெட்டிகளால் கண்டுபிடிக்கவே முடியாது. பவளம் எவ்வளவு சாப்பிடுகிறது என்பதை முதலில் காட்டிக்கொடுக்கும் எண் காரத்தன்மை. ஆகவே வாரத்துக்கு ஒரே ஒரு சோதனை செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள்.

சரி, தினமும் எவ்வளவு சேர்ப்பது?

பாட்டிலில் எழுதியிருப்பதைப் பார்த்துச் சேர்க்காதீர்கள். உங்கள் தொட்டியின் செலவை அளந்து சேர்க்க வேண்டும். அதற்கான முறை:

முதலில் உண்மையான நீர் அளவு. தொட்டியும் சம்ப்பும் (கீழே வைக்கும் துணைத் தொட்டி) சேர்ந்த கொள்ளளவிலிருந்து பாறை, மணல், காலி இடம் ஆகியவற்றைக் கழித்துப் பாருங்கள். 250 லிட்டர் என்று விற்ற அமைப்பில் பெரும்பாலும் 200 லிட்டர்தான் நீர் இருக்கும்.

அடுத்து, எதையும் சேர்க்காமல், நீரும் மாற்றாமல் மூன்று நாள் விடுங்கள். முதல் நாளும் மூன்று நாள் கழித்தும் அதே நேரத்தில் காரத்தன்மையை அளக்கவும். திங்கள் இரவு 8.4, வியாழன் இரவு 7.8 என்றால், நாளுக்கு 0.2 டிகேஎச் செலவு.

இனி கரைசல். ஒரு லிட்டர் ஆர்ஓ நீரில் 84 கிராம் ஆப்பசோடா. இன்னொரு லிட்டரில் 73.5 கிராம் கால்சியம் குளோரைடு, இரண்டு நீர்மூலக்கூறு கொண்ட வகை. இந்த அளவில் கலந்தால் இரண்டு பாட்டிலையும் எப்போதும் சம அளவில் ஊற்றலாம், பவளம் எடுக்கும் விகிதம் கெடாது. 100 லிட்டர் நீரில் 36 மில்லி சோடாக் கரைசல் 1 டிகேஎச் ஏற்றும். மேலே சொன்ன 200 லிட்டர் தொட்டிக்கு 0.2 வேண்டும்; 36-ஐ இரட்டித்து 0.2-ஆல் பெருக்கினால் 14 மில்லி. இரண்டு கரைசலிலும் நாளுக்கு 14 மில்லி.

ஒன்றை ஊற்றிய உடனே மற்றொன்றை அதே இடத்தில் ஊற்றாதீர்கள். வெண்மேகமாக வீழ்ந்து இரண்டும் வீணாகும். சம்ப்பில் நீர் வேகமாக ஓடும் இடத்தில், அரைமணி நேரமாவது இடைவெளி விட்டு ஊற்றுங்கள். குறித்த அளவைத் தானாக ஊற்றும் டோசிங் பம்ப் இருந்தால் சோடாவை நாள் முழுக்கப் பத்துப் பன்னிரண்டு தவணைகளாகப் பிரியுங்கள்.

ஒரு வாரம் கழித்து மறுபடி அளந்து, இறங்கியிருந்தால் பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள், ஏறியிருந்தால் குறையுங்கள். பவளம் வளர வளர இந்த எண்ணும் வளரும். மாதம் ஒருமுறை கணக்கைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே இறங்கிப்போன காரத்தன்மையைத் தூக்குவது வேறு வேலை. அதற்குப் பொடியாகக் கணக்கிடுவது எளிது: 100 லிட்டருக்கு 1 டிகேஎச் ஏற்ற 3 கிராம் ஆப்பசோடா. கால்சியம் 10 பிபிஎம் ஏற்ற 3.7 கிராம் கால்சியம் குளோரைடு. மெக்னீசியம் 10 பிபிஎம் ஏற்ற, ஆறு நீர்மூலக்கூறு கொண்ட மெக்னீசியம் குளோரைடு 8.4 கிராம். காரத்தன்மையை நாளுக்கு 0.5 டிகேஎச் வீதம் ஏற்றுங்கள். 1-ஐத் தாண்டவே வேண்டாம்.

மளிகைக் கடை ஆப்பசோடா போதுமா?

போதும். பொட்டலத்தில் சோடியம் பைகார்பனேட் மட்டும் எழுதியிருக்க வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் பேக்கிங் பவுடரில் அமிலமும் மாவும் கலந்திருக்கும், அதை எடுத்துவிடாதீர்கள். கால்சியம் குளோரைடை மீன்கடையிலோ வேதிப்பொருள் கடையிலோ வாங்குங்கள். ஈரம் உறிஞ்ச அலமாரியில் தொங்கவிடும் பைகளில் இருப்பதும் பெரும்பாலும் கால்சியம் குளோரைடுதான், ஆனால் அதன் தூய்மைக்கு யாரும் பொறுப்பில்லை.

கால்சியம் குளோரைடு கரையும்போது நீர் சூடாகும். நீரில் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், ஆறிய பிறகு பாட்டிலை மூடுங்கள்.

கால்சியம் எவ்வளவு சேர்த்தாலும் ஏறவில்லை. பம்பில் வெள்ளைப் படிவு வேறு.

மெக்னீசியத்தை அளந்து பாருங்கள். கடல்நீரில் கால்சியமும் கார்பனேட்டும் கரையக்கூடிய அளவைவிட அதிகமாகவே இருக்கின்றன. அவை தாமாக வீழாமல் தடுப்பது மெக்னீசியம். வீழத் தொடங்கும் சுண்ணாம்புப் படிகத்தின்மேல் அது ஒட்டிக்கொண்டு மேலும் வளரவிடாது. மெக்னீசியம் 1,100-க்குக் கீழே போனால் அந்தக் காவல் போய்விடும். நீங்கள் சேர்க்கும் கால்சியமும் சோடாவும் பவளத்துக்குப் போகாமல் பம்பிலும் மணலிலும் கல்லாகும். மணல் கட்டியாக இறுகுவதும் இதன் அடையாளம். மெக்னீசியத்தை 1,300-க்கு நாளுக்கு 50 பிபிஎம் வீதம் ஏற்றிவிட்டுப் பிறகு மற்ற இரண்டையும் தொடுங்கள். முன்பு சொன்ன வரிசைக்கு இதுதான் காரணம்.

படிவு ஏறிய பம்பைக் கழற்றி, வெள்ளை வினிகரும் நீரும் சமமாகக் கலந்ததில் ஓரிரு மணி நேரம் ஓடவிட்டுக் கழுவுங்கள்.

இந்த உப்புகளைச் சேர்த்துக்கொண்டே இருந்தால் உப்புத்தன்மை ஏறாதா?

ஏறும். பவளம் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துக்கொள்ள, மிஞ்சும் சோடியமும் குளோரைடும் சமையல் உப்பாக நீரில் தங்கும். வாரம் ஒருமுறை உப்புத்தன்மையைப் பார்த்து, ஏறியிருந்தால் தொட்டி நீரில் கொஞ்சம் எடுத்துவிட்டு அந்த அளவு நன்னீர் விடுங்கள். மாதாமாதம் நீர் மாற்றுபவர்களுக்கு இது பெரிய தொல்லை ஆகாது.

காலையில் பிஎச் 7.7 காட்டுகிறது. பிஎச் ஏற்றும் மருந்து போடலாமா?

வேண்டாம். அந்த மருந்துகளில் பெரும்பாலும் இருப்பது காரத்தன்மையைக் கூட்டும் உப்புதான். பிஎச் சிறிது நேரம் ஏறி மறுபடி இறங்கும். காரத்தன்மை மட்டும் 11, 12 என்று ஏறிக்கொண்டே போகும்.

காரத்தன்மை 8-இல் இருந்தும் பிஎச் குறைவு என்றால் நீரில் கரியமில வாயு கூடிவிட்டது என்று பொருள். இரவில் ஒளிச்சேர்க்கை இல்லாததால் எல்லாத் தொட்டியிலும் கொஞ்சம் இறங்கும். ஆனால் சன்னலைச் சாத்தி, ஏர்கான் போட்டு, நால்வர் உறங்கும் வீட்டில் அறைக் காற்றிலேயே கரியமில வாயு வெளிக்காற்றைவிடப் பல மடங்கு ஏறும். சாதாரண ஏர்கான் உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிவிடுகிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை.

உறுதிசெய்ய ஒரு சோதனை. ஒரு கோப்பை தொட்டி நீரை எடுத்து, சன்னலுக்கு வெளியே உள்ள காற்று படும்படி காற்றுப் பம்பால் ஒரு மணி நேரம் குமிழிவிடுங்கள். இன்னொரு கோப்பைக்கு அறைக்குள்ளேயே அப்படிச் செய்யுங்கள். வெளியே வைத்தது 8.2-க்கு ஏறி, உள்ளே வைத்தது 7.8-இலேயே நின்றால் குற்றவாளி அறைக் காற்று. இரண்டும் ஏறினால் தொட்டியில் நீர்ப்பரப்பு போதிய அளவு கலங்கவில்லை. இரண்டுமே ஏறாவிட்டால் காரத்தன்மைச் சோதனையையும் பிஎச் கோலையும் சந்தேகியுங்கள். கோலை 7, 10 திரவங்களில் மறுபடி அளவுதிருத்துங்கள்.

அறைக் காற்றுதான் காரணம் என்றால், ஸ்கிம்மரின் (நுரையால் அழுக்கை நீக்கும் கருவி) காற்றுக் குழாயைச் சன்னல் வழியே வெளியே நீட்டுங்கள். நீளம் இரண்டு மூன்று மீட்டர் என்றால் தடித்த குழாய் வேண்டும், இல்லையேல் ஸ்கிம்மர் மூச்சுத் திணறும். காலையில் அரைமணி நேரம் சன்னலைத் திறப்பதும் உதவும். ஆப்பசோடாவை 180 பாகை அடுப்பில் ஒரு மணி நேரம் சுட்டு எடுத்தால் சோடியம் கார்பனேட்டாக மாறும். 84 கிராம் 53 கிராமாகும். அந்த 53 கிராமை ஒரு லிட்டரில் கரைத்தால் காரத்தன்மை வலிமை முன்போலவே இருக்கும், பிஎச் மட்டும் கூடுதலாக ஏறும். அந்தக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகவே விட வேண்டும்.

7.8-இல் மீன்களுக்கு ஒன்றும் ஆகாது. பவளமும் சாகாது, வளர்ச்சி மெதுவாகும். இதற்காக இரவு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சுண்ணாம்பு நீர் பற்றிக் கேள்விப்பட்டோம். தேக்காவில் விற்கும் வெற்றிலைச் சுண்ணாம்பைப் பயன்படுத்தலாமா?

வேதியியல்படி இரண்டும் கால்சியம் ஹைட்ராக்சைடுதான். ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பில் மணம், நிறம், வேறு உலோகங்கள் என்ன கலந்திருக்கின்றன என்று தெரியாது. தொட்டிக்கென்று விற்பதையோ உணவுத் தர ஊறுகாய்ச் சுண்ணாம்பையோ வாங்குங்கள்.

சுண்ணாம்பு நீரின் சிறப்பு, ஒரே கரைசலில் கால்சியமும் காரத்தன்மையும் சரியான விகிதத்தில் வருவதும், கூடவே கரியமில வாயுவை அது விழுங்குவதும். அடைத்த அறையில் வைத்த தொட்டிக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று இல்லை. லிட்டருக்கு 1.5 கிராம் போட்டுக் கலக்கி, மூடி, அரை நாள் தெளியவிட்டு, தெளிந்ததை மட்டும் எடுக்கவும். இரவில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முழுச்செறிவில் 2 லிட்டர், 200 லிட்டர் தொட்டியில் 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற்றும். ஆகவே கால் லிட்டரில் தொடங்குங்கள். நீர் நிரப்பும் கருவி வழியே விடுபவர்கள், மிதவை சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும். கரைசலின் பிஎச் 12.4, ஒரே நேரத்தில் நாலைந்து லிட்டர் இறங்கினால் தொட்டி வெண்மேகமாகும், மீன் சாகும். கலனில் ஒரு நாளுக்குத் தேவையான அளவை மட்டும் வைத்தால் அந்த ஆபத்து இல்லை. கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூச்சியமாக இருப்பது நல்லதுதானே?

இல்லை. பவளத்துக்குள் வாழும் பாசிக்கு இரண்டும் உணவு. இரண்டும் 0 என்று காட்டும் தொட்டியில் பவளம் வெளிறும். மணலில் குமிழோடு கூடிய பழுப்புக் கோழைபோன்ற டைனோ என்னும் நுண்ணுயிர் படரும், அதை ஒழிப்பது சாதாரணப் பாசியை ஒழிப்பதைவிடப் பன்மடங்கு கடினம். 0 காட்டினால் ஸ்கிம்மரைக் குறைத்து, தீனியைக் கூட்டுங்கள்.

கூடிவிட்டால்? நைட்ரேட் 40 உள்ள தொட்டியில் பத்து விழுக்காடு நீர் மாற்றினால் 36 ஆகும், அவ்வளவுதான். தீனி, மீன் எண்ணிக்கை, அழுக்கேறிய வடிகட்டித் துணி ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். பிறகு வெள்ளை வினிகர்: 5 விழுக்காடு அமிலம் உள்ளதை 100 லிட்டருக்கு நாளுக்கு 1 மில்லி என்று தொடங்கி, வாரத்துக்கு 1 மில்லி கூட்டலாம். நுண்ணுயிர்கள் பெருகி நைட்ரேட்டை உண்ண, ஸ்கிம்மர் அவற்றை வெளியேற்றும். நல்ல ஸ்கிம்மர் இல்லாத தொட்டியில் இதைச் செய்யாதீர்கள். நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். நீர் கலங்கினால் உடனே நிறுத்துங்கள்.

பாஸ்பேட்டுக்கு இரும்பு ஆக்சைடு மணிகள் பயன்படும். பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதியை வைத்துத் தொடங்கவும். 0.3-இல் பழகிய பவளத்தை இரண்டே நாளில் 0.03-க்கு இறக்கினால் திசு உரியும்.

புதுத் தொட்டியில் எப்போது பவளம் வைக்கலாம்?

அம்மோனியாவை உடைக்கும் நுண்ணுயிர்கள் பெருகிய பிறகு. சோதனையாக 2 பிபிஎம் அம்மோனியா சேர்த்தால் 24 மணி நேரத்தில் மறைந்துவிட வேண்டும். பெரும்பாலும் நாலு முதல் ஆறு வாரம் ஆகும். கடல்நீரில் குளோரைடு மிகுதி என்பதால், அம்மோனியா உடைந்து வரும் நைட்ரைட்டுக்கு நன்னீர்த் தொட்டிபோல அஞ்ச வேண்டியதில்லை. அம்மோனியாவுக்கு அஞ்ச வேண்டும், சூடான நீரில் இன்னும் அதிகமாக. கல்பவளத்தைக் கூடுதலாகச் சில மாதம் தள்ளிவையுங்கள்.

சோதனைப் பெட்டி ஒவ்வொரு முறையும் வேறு எண் தருகிறது.

சிரிஞ்சில் காற்றுக் குமிழி, காலாவதியான துளிமருந்து, வெயில் படும் இடத்தில் வைத்த பெட்டி: இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். வாங்கிய புட்டியில் திறந்த தேதியை எழுதுங்கள். ஹன்னா நிறுவனத்தின் மிகக் குறைந்த அளவு பாஸ்பரஸ் மீட்டர் பாஸ்பேட்டைக் காட்டாது, பாஸ்பரஸைப் பிபிபி (நூறு கோடியில் பங்கு) அளவில் காட்டும். 3.066-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுக்கவும்; 20 காட்டினால் 0.06 பிபிஎம் பாஸ்பேட். கண்ணாடிக் குப்பியில் கைரேகை இருந்தாலே எண் மாறும். திடீரென விசித்திரமான எண் வந்தால், மருந்து எடுப்பதற்கு முன் இன்னொரு முறை அளக்கவும்.

அயோடின், ஸ்ட்ரான்ஷியம் தனியாகச் சேர்க்க வேண்டுமா?

அளக்காமல் வேண்டாம். மாதம் இருமுறை பத்து விழுக்காடு நீர் மாற்றினால் பெரும்பாலான தொட்டிகளுக்கு அதுவே போதும்.

கீழே கொசுப்புகை அடிக்கிறார்கள். தொட்டிக்கு ஆபத்தா?

ஆபத்துதான். கொசு மருந்துகளில் உள்ள பைரெத்ராய்டு வகை நஞ்சு இறால், நண்டு, மீன் அனைத்துக்கும் மிகக் குறைந்த அளவிலேயே கொடியது. நகர மன்ற அறிவிப்பில் நேரத்தைப் பார்த்து வையுங்கள். அந்த நேரத்தில் சன்னலைச் சாத்தி, வெளியே நீட்டிய ஸ்கிம்மர் குழாயை உள்ளே இழுத்துவிடுங்கள், தொட்டியில் புதிய கார்பன் ஓடவிடுங்கள். வீட்டுக்குள் கரப்பான் மருந்து தெளிப்பதற்கும் இதே எச்சரிக்கை.

இரண்டு வாரம் ஊருக்குப் போகிறோம். என்ன செய்துவிட்டுப் போவது?

நாளுக்கு 4 லிட்டர் ஆவியாகும் தொட்டிக்கு 14 நாளில் 56 லிட்டர் நன்னீர் வேண்டும். விசிறியை நிறுத்திச் சில்லரில் ஓட்டினால் இது பாதிக்கும் கீழே வரும். நிரப்பும் கருவியில் மிதவை ஒன்று போதாது. அது சிக்கினால் நிறுத்த இரண்டாவது உணர்வி வேண்டும். டோசிங் கரைசல் பாட்டில்களில் தேவையைவிட ஒரு வாரம் கூடுதலாக நிரப்பி, இன்றைய மட்டத்தில் நாடாவால் அடையாளம் ஒட்டுங்கள். இரண்டு பாட்டிலும் ஒரே அளவு இறங்குகிறதா என்று பார்க்க வருபவருக்கு அது தெரியும்.

வீட்டின் மின்தடுப்பான் விழுந்தால் குளிர்பதனப்பெட்டியோடு தொட்டியும் நிற்கும். பேட்டரியில் தானாக இயங்கும் காற்றுப் பம்ப் ஒன்றைத் தொட்டியில் வையுங்கள். சாவி கொடுத்த உறவினரிடமோ பக்கத்து வீட்டாரிடமோ மூன்று விஷயம் மட்டும் சொல்லுங்கள்: வெப்பமானி 28-ஐத் தாண்டினால் அழைக்கவும், நன்னீர்க் கலன் கால்பங்குக்குக் கீழே போனால் அழைக்கவும், மீனுக்குத் தீனி இந்தப் பொட்டலத்தில் இருப்பது மட்டும். நாள்வாரியாகப் பொட்டலம் கட்டி வைக்காவிட்டால், பாசத்தில் இரட்டிப்பாகப் போடுவார்கள்.

கிளம்புவதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் புதுப் பவளம், புது விளக்கு, புது மருந்து எதையும் தொடங்காதீர்கள். திரும்பியதும் உப்புத்தன்மையை அளந்து, பிறகு காரத்தன்மையை அளக்கவும். 6.5-க்கு இறங்கியிருந்தால் நாளுக்கு 0.5 வீதம் மூன்று நாளில் 8-க்குக் கொண்டுவாருங்கள். அதற்குள் நீர் மாற்ற வேண்டாம்.